உப்புக்கண்டம் தின்ற கால்

விடிந்து செத்த நேரம்தான் ஆகியிருந்தது. அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, உப்புக்கண்டத்தைப் பல்லால் பிய்த்துக்கொண்டிருந்தேன். வறுத்தது இல்லை, பொரித்தது இல்லை. உப்புப் போட்டுக் காயவைத்த கறி, பானையிலிருந்து எடுத்தது எடுத்தபடி. ஒரு கடி உப்புக்கண்டம், ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய், அரைச் செம்புத் தண்ணீர். மறுபடியும் ஒரு கடி.

ஊன்றுகோல் இரண்டும் சுவரில் சாய்ந்து நின்றன. முட்டிக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் முடிந்துபோகிற என் இடது காலைக் கீழே தொங்கவிட்டிருந்தேன். இருக்கிற ரத்தமெல்லாம் அங்கே இறங்கட்டும் என்று ஒரு ஏற்பாடு.

என் மனைவி ஸ்டெல்லா பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தாள். செம்பைப் பார்த்தாள். பானையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“ஏங்க, என்ன திங்கிறீக?”

“பசிச்சுச்சு.”

“பசிச்சா இட்லி இருக்கு. அதென்ன செம்பு செம்பாத் தண்ணி? இன்னைக்குக் கால் அளவெடுக்கத்தான போறோம்? ஆட்டைச் சந்தைக்குக் கெளப்புற மாதிரில்ல இருக்கு!”

எனக்குப் புரையேறிவிட்டது. அவள் சும்மா வாயில் வந்ததைச் சொன்னாள். ஆனால் வந்தது சரியாக வந்துவிட்டது. நான் செய்துகொண்டிருந்தது அதேதான்.

மூத்திரம் பெய்த வெள்ளாடு

இந்த வாரம்தான் முதன்முதலாக என்னைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி அறிமுகம். என் பெயர் அருளப்பன். திண்டுக்கல்லில் வீடு, அய்யலூர் ஆட்டுச் சந்தையில் தரகு. வடமதுரை ரோட்டில் என் பைக்கும் ஒரு சரக்கு வண்டியும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருக்க ஆசைப்பட்டதில் என் இடது கால் போயிற்று. போன இரண்டு வாரமும் அதையே எழுதி உங்களை அழவைத்தேன். இந்த வாரம் கண்ணீருக்கு லீவு.

ஆட்டுக்கு உப்பு கொடுக்கிற கதையைச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை சந்தை. சில ஆட்கள் விடிவதற்கு முன்னால் பிண்ணாக்கில் கை நிறைய உப்பைப் போட்டுப் பிசைந்து ஆட்டுக்கு வைப்பார்கள். ஆடு தவித்துப்போய் ஒரு வாளித் தண்ணீரைக் குடிக்கும். வயிறு இரண்டு பக்கமும் புடைக்கும். பார்க்கிறவனுக்கு ‘அடேயப்பா, என்னா வளர்த்தி!’ என்று தோன்றும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படி ஒரு வெள்ளாட்டை ஆசை ஆசையாகப் பிடித்தேன். சினை ஆடு, இரட்டைக் குட்டி என்று வேறு நானே முடிவு கட்டிவிட்டேன். ஒரு சின்ன வண்டியில் ஏற்றினேன். அய்யலூரில் மூத்திரம் பெய்ய ஆரம்பித்தது. வடமதுரை தாண்டியும் பெய்தது. வீட்டு வாசலில் இறக்கும்போது இரட்டைக் குட்டியும் ரோட்டிலேயே பிறந்து முடிந்திருந்தன. இறங்கியது ஒரு தோலும் நாலு காலும்.

அன்றிலிருந்து எந்த ஆட்டையும் வயிற்றைப் பார்த்து வாங்குவதில்லை. குந்தி உட்கார்ந்து, இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் இரண்டு விரலை வைத்து அழுத்தினால் எது கறி, எது தண்ணீர் என்று சொல்லிவிடுவேன். “அருளு கைய வச்சுட்டான்னா உப்புப் போட்ட ஆடு வெக்கப்படும்” என்று என் கூட்டாளி கருப்பன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறான்.

அப்பேர்ப்பட்ட அருளுதான் அடுப்படியில் உட்கார்ந்து உப்புக்கண்டம் தின்றுகொண்டிருந்தான்.

கோடு போட்ட கால்

செயற்கைக்கால் பட்டறையில் எனக்குக் கால் செய்கிற பெண்ணின் பெயர் பூங்கொடி. ஒட்டன்சத்திரம் பக்கம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பேச்சு முழுக்க ‘ங்க’. அந்த மரியாதையிலேயே ஆளை மிரட்டிவிடுவாள்.

முதலில் அவள் எனக்கு மாட்டிவிட்டது தற்காலிகக் கால். “வெட்டின காலு கொஞ்ச மாசத்துக்கு மாறிக்கிட்டே இருக்குங்கண்ணா. அது ஒரு நிலைக்கு வந்தப்பறம்தான் நெரந்தரக் காலுக்கு அச்செடுப்போம். நிலைக்கு வந்துருச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அளந்து சொல்லோணும்” என்றாள்.

பேனாவால் என் மிச்சக்காலில் மூன்று கோடு போட்டாள். முட்டிச் சில்லுக்குக் கீழே ஒன்று, நாலு விரல் தள்ளி ஒன்று, முனைக்குப் பக்கத்தில் ஒன்று. காலையில் எழுந்ததும் ஒரு அளவு. சாயங்காலம் காலைக் கழற்றியதும் உடனே ஒரு அளவு. டேப்பை இறுக்கக் கூடாது, தொங்கவிடவும் கூடாது. காலை நீட்டி ஒரே மாதிரி உட்கார வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும்.

ஸ்டெல்லா தையல்காரி. தெருவில் பாதிப் பேரின் இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். அவளிடம் டேப்புக்குப் பஞ்சமா? கோட்டின் மேல் டேப்பைச் சுற்றுவாள், கண்ணைக் கிட்டே கொண்டுபோவாள், சொல்லுவாள். நான் எழுதுவேன்.

டேப்புக்கும் எனக்கும் பழைய பகை ஒன்று உண்டு. கல்யாணம் நிச்சயமான புதிதில் இவள் எனக்கு ஒரு சட்டை தைக்க அளவெடுத்தாள். நான் மூச்சை இழுத்து, நெஞ்சை விரித்து, காங்கேயம் காளை மாதிரி நின்றேன். சட்டை வந்தது. போட்டுக்கொண்டு மூச்சு விட்டேன். உள்ளே இன்னொரு ஆள் குடியிருக்கலாம்.

ஆகவே, டேப்பைக் கண்டால் பொய் சொல்லுவது எனக்குப் புதிது இல்லை.

முருங்கைக்காய்க் கணக்கு

முதல் வாரம் நடுக்கோட்டில் காலையில் முப்பத்துமூன்று சென்டிமீட்டர். சாயங்காலம் அதற்கும் கொஞ்சம் குறைவு. இரண்டாம் வாரம் முப்பத்திரண்டரை. மூன்றாம் வாரம் முப்பத்திரண்டு.

ஸ்டெல்லா சாதாரணமாகத்தான் சொன்னாள். “கொறஞ்சிருக்கு. எழுதுங்க.”

என் கையில் பேனா நின்றுவிட்டது.

அதற்குக் காரணம் ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டிலில் இருந்த மனுஷன். டாக்டருக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். ஒருநாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னார்: “வெட்டுனது பெரிசில்ல தம்பி. வெட்டுன மிச்சம் சுருங்காம இருக்கணும். சுருங்க ஆரம்பிச்சா அது செத்துக்கிட்டு வருதுன்னு அர்த்தம். அப்புறம் முட்டிக்கு மேல எடுத்துருவாக.” சொல்லிவிட்டு ஒரு சுளையை என்னிடம் நீட்டினார். நானும் வாங்கித் தின்றேன்.

முட்டிக்கு மேலே! உங்களுக்கு முட்டி என்பது மாடிப்படி ஏறும்போது வலிக்கிற ஒரு சாமான். எனக்கு அது தொழில். ஆட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்காராமல் எப்படி விரல் வைத்து அழுத்துவது? முட்டி போனால் சந்தையில் நான் வேலிக்கு வெளியே நின்று, வாங்கத் தெரிந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். வாரத்துக்கு அரை சென்டிமீட்டர். அப்படியானால் மாசத்துக்கு இரண்டு. வருகிற வருஷம் இந்நேரம் கால் முருங்கைக்காய்த் தடிமன். அதற்கப்புறம் மூன்று மாசத்தில் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்துக்கு அப்புறம் என்ன என்றும் போட்டுப் பார்த்தேன். கால் உள்ளே போக ஆரம்பிக்கிறது.

செல்போனில் ‘கால் சுருங்க’ என்று அடித்தேன். ‘சுருங்குவது ஏன்’ என்று முடிப்பதற்குள், ‘ஏழே நாளில் தொப்பை சுருங்க’ என்று வரிசையாக வீடியோ வந்தது. தொப்பையைத் தடவிப் பார்த்தேன். சுருங்க வேண்டியது சுருங்கவில்லை, சுருங்கக் கூடாதது சுருங்குகிறது.

பூங்கொடியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ‘ஆமா’ என்று சொல்லிவிட்டால்?

“இனிமே நானே அளந்துக்கிறேன்” என்று ஸ்டெல்லாவிடமிருந்து டேப்பை வாங்கிவைத்தேன். “எங்காலு, நான் அளக்க மாட்டனா?”

அதற்கப்புறம் நோட்டில் என் கால் சுருங்கவே இல்லை. முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு. நடுவில் ஒருநாள் உண்மை மாதிரி தெரியட்டும் என்று முப்பத்திரண்டே கால். வாரக்கடைசியில் நோட்டைப் படம் எடுத்துப் பூங்கொடிக்கு அனுப்பினேன். அவள் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினாள். எட்டு வாரம் கழித்துப் போன் வந்தது.

“நல்லா நிலைக்கு வந்துருச்சுங்கண்ணா. திங்கக்கிழமை அச்செடுத்தர்லாம், வாங்க.”

போனை வைத்துவிட்டு, பல நாள் கழித்து உண்மையாகவே அளந்தேன். முப்பதரை.

எனக்கு நானே வைத்த பிண்ணாக்கு

அந்தத் திங்கட்கிழமைக் காலையில்தான் நாம் அடுப்படியில் இருந்தோம். அன்றைக்கு மட்டும் இல்லை, சனிக்கிழமையிலிருந்தே உப்புக்கண்டம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாகத் தற்காலிகக் காலையும் மாட்டவில்லை. மாட்டினால் அழுத்தத்தில் வற்றிவிடும் என்பது எனக்குத் தெரியும். ராத்திரிக்கு மாட்டிக்கொள்ளச் சொன்ன இறுக்கமான உறை பீரோவுக்கு அடியில் தூங்கியது. எல்லாம் அறிவியல்பூர்வமான மோசடி.

பட்டறைக்குப் போவதற்குள் ஆட்டோவை இரண்டு இடத்தில் நிறுத்தி இறங்க வேண்டியிருந்தது. எனக்கு அந்த வெள்ளாட்டின் நினைப்பு வந்தது. பாவம், அதுவும் இப்படித்தானே கஷ்டப்பட்டிருக்கும்.

பூங்கொடி கோட்டில் டேப்பைச் சுற்றினாள். முப்பத்திரண்டு. என் நெஞ்சில் சர்ச் மணி அடித்தது.

ஆனால் அவள் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. நான் ஆட்டுக்கு வைக்கிற அதே அழுத்தம்.

“ஏனுங்கண்ணா, கொஞ்சம் நீர் கோத்தாப்ல இருக்குதே?”

“வெயிலும்மா. திண்டுக்கல்லு வெயிலுக்குக் கல்லே வீங்கும்.”

அவள் நோட்டைப் புரட்டினாள். எட்டு வாரம் முப்பத்திரண்டு. டேப்பிலும் முப்பத்திரண்டு. “நோட்டும் இதுவும் ஒத்துப்போகுதுங்க” என்று தனக்கே சொல்லிக்கொண்டு, மாவுக்கட்டுத் துணியை நனைத்துச் சுற்ற ஆரம்பித்தாள். ஈரத் துணி குளுகுளுவென்று இருந்தது. திருடனுக்கு அந்தச் சுகம் ஆகாது. வேர்த்துவிட்டது.

பத்து நாளில் கால் தயாரானது. மாட்டிப் பார்க்கிற அன்றைக்கும் உப்புக்கண்டம்தான். கால் உள்ளே இறங்கி உட்காருகிற கிண்ணத்தை சாக்கெட் என்பார்கள். அது என்னைச் ‘சிக்’கென்று பிடித்தது. பட்டறைக்குள் நாலு நடை நடந்தேன். பூங்கொடி கை தட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும்தான் ஒரு சிறிய சிக்கல் உறைத்தது. இந்தக் கால் பொருந்த வேண்டுமானால் நான் ஆயுசு முழுக்க உப்புக்கண்டம் தின்ன வேண்டும்.

அதற்கும் துணிந்துதான் இருந்தேன். ஸ்டெல்லா பானையைத் தூக்கித் தன் அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

வாறியா, போறியா?

வியாழக்கிழமை. விபத்துக்கப்புறம் என் முதல் சந்தை. புது வேட்டி, புதுச் சட்டை, புதுக் கால். தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரும் வந்து தோளில் தட்டினார்கள். புழுதி, ஆட்டு வாடை, டீக்கடைப் புகை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு இழுத்தேன். சொர்க்கத்துக்கு ஆட்டு வாடை இருக்கும் என்று யாரும் சொல்லாதது பெரிய குறை.

எட்டு மணி வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. ஒன்பதுக்குக் கால் உள்ளே ‘தொளக் தொளக்’ என்றது. பத்து மணிக்கு ஒவ்வொரு அடிக்கும் மிச்சக்காலின் முனை சாக்கெட்டின் அடியில் போய் இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். பின்னால் கருப்பன் வந்துகொண்டிருந்தான்.

“ஏலே அருளு, செத்த நில்லு.”

“என்னடா?”

“இல்ல மாப்ள, நீ வாறியா, போறியா? மூஞ்சி அங்கிட்டுப் போகுது. பாதம் இங்கிட்டு வருது.”

குனிந்து பார்த்தேன். செயற்கைப் பாதம் சாவகாசமாகத் திரும்பிப் பின்பக்கத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

என்ன செய்ய வேண்டும்? உட்கார்ந்து காலைக் கழற்ற வேண்டும். அத்தனை பேருக்கு நடுவில், அந்த மொட்டைக் காலைக் காட்டிக்கொண்டு? வெளியாட்கள் முன்னால் நான் அதைக் கழற்றியதே கிடையாது. கருப்பன்கூடப் பார்த்ததில்லை.

ஒரு வண்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். வண்டி நிறையக் காய்ந்த கடலைக்கொடி. பதற்றத்தில் எனக்கு எப்போதுமே அறிவு அதிகமாக வேலை செய்யும். இரண்டு கை கடலைக்கொடியை உருவிச் சுருட்டி, சாக்கெட்டுக்கும் காலுக்கும் நடுவில் திணித்தேன். ஆகா, என்ன இறுக்கம்! வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மகாராஜா மாதிரி வெளியே வந்தேன்.

பத்தடி போயிருக்க மாட்டேன், வேட்டியைப் பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள். ஒரு செம்மறிக் கிடா. இன்னொரு பக்கம் இரண்டு வெள்ளாடுகள். இத்தனை வருஷத் தொழிலில் ஆடு தானாக என்னைத் தேடி வந்தது அன்றைக்குத்தான்.

கருப்பன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சந்தை கலைகிற வரைக்கும் நடந்தேன்.

வீட்டில் காலைக் கழற்றியபோது சிரிப்பு நின்றது. முனையில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் கறுத்து, நடுவில் பிளந்திருந்தது. ஸ்டெல்லா பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். வெந்நீர் வைக்கப் போனாள். அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது.

டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். “புண் ஆறுற வரைக்கும் காலை மாட்டக் கூடாது. இது எலும்பு வரைக்கும் போச்சுன்னா முட்டியக் காப்பாத்துறது கஷ்டம்.”

எந்த வார்த்தைக்குப் பயந்து எட்டு வாரம் பொய் எழுதினேனோ, அந்த வார்த்தையை என் கையாலேயே சம்பாதித்துக்கொண்டேன்.

பூங்கொடி ஏற்றுக்கொண்ட தப்பு

பட்டறைக்கு ஊன்றுகோலில் போனோம். பூங்கொடி கட்டைப் பிரித்துப் பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது. புண்ணில் படாமல் கோட்டில் டேப்பைச் சுற்றினாள். முப்பது. நோட்டைப் பார்த்தாள். மறுபடியும் சுற்றினாள். முப்பது.

எழுந்து உள்ளே போனாள். அச்சு வார்த்த மாவுக்கட்டி ஒன்றை எடுத்துவந்து அதையும் அளந்தாள்.

“அண்ணா, மன்னிச்சுக்கோங்க. இது என்ற தப்புங்க. அச்சுல எங்கியோ நான் தப்புப் பண்ணிப்போட்டேன். நீர் கோத்திருக்குன்னு விரல்ல தெரிஞ்சும் எடுத்தேன் பாருங்க. எங்க சார்கிட்டச் சொல்லிர்றேன். இனி நான் தனியா யாருக்கும் அச்செடுக்கலீங்க.”

அவள் கண் கலங்கியிருந்தது. ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வைக்குத் தமிழில் வார்த்தை இல்லை. இருந்தாலும் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

“உப்புக்கண்டம்மா” என்றேன்.

“என்னங்க?”

“உப்புக்கண்டம் தின்னேன். மூணு நாளு. நோட்டுல இருக்கது பூராம் பொய்யி. ஆட்டுக்கு உப்பு வைப்பாகல்ல, அந்த மாதிரி காலுக்கு வச்சேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். ஆரஞ்சு உரித்த மனுஷனையும் முருங்கைக்காயையும்கூட விடவில்லை. சொல்லச் சொல்லப் பூங்கொடியின் முகம் அழுகையிலிருந்து கோபத்துக்குப் போய், கோபத்திலிருந்து எங்கேயோ போய் நின்றது.

“ஏனுங்கண்ணா, சந்தைல ஒருத்தன் உப்பு வச்ச ஆட்டைக் கொண்டாந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?”

“வாங்க மாட்டேன்.”

“நானும் வாங்க மாட்டேனுங்க. இந்த நோட்டக் கொண்டுபோய் அடுப்புல போடுங்க.”

நான் தலையைக் குனிந்துகொண்டு, கேட்க வேண்டியதை அன்றைக்குத்தான் கேட்டேன். “சுருங்குதேம்மா… மேல வெட்டிர மாட்டாகளா?”

அவள் முக்காலியை இழுத்துப்போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். “சுருங்கறதுக்காக யாரும் வெட்டறதில்லீங்க. ஆப்பரேசன் வீக்கம் வடியுது. வேலையில்லாத சதை மெலியுது. அம்புட்டுத்தானுங்க. எல்லாத்துக்கும் அப்படித்தான் ஆகும். கொஞ்ச நாள்ல அதுவா நின்னுக்கும். அது எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான் அளவே கேட்டேன். வெட்டற அளவுக்குப் போறது புண்ணுங்க. அதத்தான் நீங்க கஷ்டப்பட்டு, கடலைக்கொடியெல்லாம் வச்சு உண்டாக்கிட்டு வந்திருக்கீங்க.”

ஸ்டெல்லா என் சட்டைப்பையில் கையை விட்டு டேப்பை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

துண்டுக்குள்ளே ஒரு கை

அதற்கப்புறம் மூன்று மாசம் நான் ஒரு ஆட்டையும் பார்க்கவில்லை. காலையில் ஸ்டெல்லா, சாயங்காலம் ஸ்டெல்லா. அவள் அளந்தாள், அவளே எழுதினாள். நான் எட்டிப் பார்த்தால் நோட்டைத் திருப்பிக்கொண்டாள். ஒவ்வொரு தடவை கட்டு மாற்றும்போதும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். “எலும்பு தெரியுதா?” என்று கேட்பேன். “ஆமா, வால் மொளச்சிருக்கு” என்பாள்.

புண் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தது. அளவு இருபத்தொன்பதரையில் வந்து நின்றது. ஐந்து வாரம் அங்கேயே நின்றது. நான் எழுதாமலேயே நின்றது.

புது அச்சு, புதுக் கால். பூங்கொடி கையில் துணியுறை நாலைந்தைக் கொடுத்தாள். “ஒருநாளைக்குள்ளயே காலையில பெருசா இருக்கும், போகப் போக வடியுங்க. அது நிக்காது. எப்ப லூசாத் தெரியுதோ அப்பவே உக்காந்து, கழட்டி, மேல ஒரு உறை போட்டுக்கோணும். அப்பறம் பாத்துக்கலாம்னு நடந்தீங்கன்னா மறுபடியும் புண்ணுதான்.”

“சந்தைல எப்படிம்மா?”

“சந்தைல உக்கார எடமில்லீங்ளா?”

இடம் இருந்தது. எனக்குத்தான் அங்கே கழற்ற மனசு இல்லை.

ஆடி பிறப்பதற்கு முந்தின சந்தை. ஊர்ப்பட்ட கூட்டம். நத்தம் பக்கத்து ஆள் ஒருத்தர் ஆறு கிடாய்களோடு நின்றார். ஒவ்வொன்றும் தேர் மாதிரி. விலையும் தேர் மாதிரி. எங்கள் வழக்கப்படி பேரம் வாயால் பேசுவதில்லை. இரண்டு பேர் கையையும் ஒரு துண்டு போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். சுற்றி நிற்கிற ஒருத்தனுக்கும் தெரியாது. உள்ளே போன கை விலை படிந்த பிறகுதான் வெளியே வர வேண்டும். முந்திக்கொண்டு எடுத்தவன் ‘எனக்கு வேண்டாம்’ என்று விலகிப் போனதற்குச் சமம்.

நான் ஒரு விரலைப் பிடித்தேன். அவர் தட்டிவிட்டார். அவர் இரண்டைப் பிடித்தார். நான் தட்டிவிட்டேன். இப்படியே அரை மணி நேரம். மனுஷன் இறங்குகிற மாதிரி தெரியவில்லை. கருப்பன் பக்கத்தில் நின்று கண்ணாலேயே ‘விட்டுராத’ என்றான்.

அப்போது உள்ளே ‘தொளக்’ என்றது.

இன்னும் செத்த நேரம்தானே என்று பாரத்தை வலது காலுக்கு மாற்றினேன். ஆறு கிடாய். ஆடி மாசம். ஆனால் முனை அடியில் போய் ஒருதரம் லேசாக இடித்தது. முட்டியைத் தவிர வேறு எதுவும் நினைப்பில் வரவில்லை.

துண்டுக்குள்ளிருந்து கையை உருவினேன்.

நத்தத்துக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். கருப்பன் தலையில் அடித்துக்கொண்டான். நான் அங்கே கிடந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன். வேட்டியை மடித்தேன். காலைக் கழற்றிப் பக்கத்தில் நிறுத்தினேன். இருபது முப்பது பேர் என் மிச்சக்காலைப் பார்த்தார்கள். கருப்பனும் முதல்தடவையாகப் பார்த்தான். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பவில்லை.

பையிலிருந்து உறையை எடுத்தேன். சுருக்கம் விழுந்தால் கடிக்கும் என்பதால் அவசரப்படாமல், நுனியிலிருந்து மேலே நீவி நீவி ஏற்றினேன். ஒரு சுருக்கம் விழுந்தது. எடுத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

நத்தத்துக்காரர் கருப்பனிடம் குசுகுசுத்தார். “என்னண்ணே, காலையே கழட்டி வச்சுட்டாரு?”

அந்தப் படுபாவி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “ஒங்களுக்குத் தெரியாதா? அவரு காலைக் கழட்டிட்டாருன்னா பொழுது சாயுற வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு. பிடிச்ச விலையில நிப்பாரு. போன தடவ ஒரு ஆளு அழுதுட்டுப் போனாரு.”

நத்தத்துக்காரர் என் காலைப் பார்த்தார். தனியாக நின்ற அந்தக் காலைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, என் கையைத் தானே எடுத்துத் துண்டைப் போட்டு மூடி, நான் முதலில் பிடித்த விரலைப் பிடித்து அழுத்தினார்.

“இந்தாங்க, கேட்டதுக்கே தாரேன். மொதல்ல அதை மாட்டுங்கண்ணே. பாக்க ஒருமாதிரியா இருக்கு.”

மாட்டினேன். சிக்கென்று பிடித்தது.

அன்றிலிருந்து, எந்த ஆள் விலையில் முரண்டு பிடித்தாலும் கருப்பன் என் காதில் வந்து ஓதுவான். “மாப்ள, லூசா இருக்கா?”

“இல்லடா.”

“சும்மா கழட்டு மாப்ள.”

“இந்தக் கால் விசயத்துல மட்டும் இனிமே பொய் கெடையாது” என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே ஒரு முரட்டு ஆளோடு பேரத்தின் நடுவில் கையை உருவி, உட்கார்ந்து, காலைக் கழற்றினேன். சத்தியமாக லூசாகத்தான் இருந்தது. அந்த ஆளும் இறங்கி வந்தார்.

நான் சொன்னதைக் கருப்பன் இன்றுவரை நம்பவில்லை.